அண்ணன் ஆடாத ஃபைனல்

இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். காபியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

2024 மார்ச் மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை. அடையாறில் அண்ணன் வீட்டில் தங்கியிருந்தேன். அண்ணனின் பேரன் அமெரிக்காவில் பாஸ்டன் பல்கலைக்கழகத்தில் படிக்கிறான். அங்கே சனிக்கிழமை இரவு. விளையாட்டு அரங்கத்திலிருந்தே வீடியோ காலில் கூப்பிட்டான். "தாத்தா, ஃபைனல்! பாருங்க!"

ஐஸ் ஹாக்கி. அங்கே பல கல்லூரிகள் சேர்ந்து அமைத்துக்கொள்ளும் கூட்டமைப்பை 'கான்ஃபரன்ஸ்' என்கிறார்கள். இவன் கல்லூரி இருப்பது 'ஹாக்கி ஈஸ்ட்' என்ற கூட்டமைப்பில். மொத்தம் 11 கல்லூரிகள். ஒரு ஆட்டம் தோற்றால் வெளியே. கோப்பையை வெல்லும் அணிக்கு 16 அணிகள் ஆடும் தேசியப் போட்டியில் நேரடியாக இடம். எதிரணி பாஸ்டன் கல்லூரி. இரண்டும் ஒரே சாலையில் சில மைல் தள்ளி இருப்பவை. பங்காளிச் சண்டை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பனித்தரையில் ஒரு பக்கத்துக்கு ஆறு பேர். 20 நிமிடங்களாக மூன்று பகுதிகள். பந்துக்குப் பதில் கெட்டியான ரப்பர் வில்லை. ஆட்டம் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஆள் மாறுகிறார்கள். நான் வேடிக்கை பார்த்தேன். அண்ணனோ கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு செல்போனுக்குள்ளேயே போய்விட்டார். "அந்த ஆள் மார்க்கிங் விட்டுட்டான் பாரு" என்று முணுமுணுத்தார். எனக்கு ஆச்சரியம். அண்ணன் வாயிலிருந்து ஹாக்கியைப் பற்றி ஒரு வார்த்தை வந்து 47 வருடம் ஆகியிருந்தது.

பேரன் கல்லூரி 2-6 என்று தோற்றது. "திங்கக்கிழமை எக்ஸாம் இருக்கு தாத்தா. இருந்தாலும் வந்துட்டேன்" என்றான். அண்ணன் சிரிக்கவில்லை. "நல்லது பண்ணே. எக்ஸாம் எங்கயும் போயிடாது" என்றார்.

நான் அண்ணன் முகத்தைப் பார்க்கவில்லை. பார்க்க முடியவில்லை.

1977க்குப் போகவேண்டும். மந்தைவெளியில் ஒண்டிக்குடித்தனம். அப்பா அச்சகத்தில் கம்பாசிட்டர். அண்ணன் கல்லூரிக் கடைசி வருடம், ஹாக்கி அணியில் லெஃப்ட் ஹாஃப். எனக்கு 17 வயது. பள்ளிப் படிப்பு முடிந்து, ஆசிரியர் பயிற்சிக்கு விண்ணப்பம் வாங்கக்கூட வீட்டில் காசில்லை. அண்ணன் ஆடும் ஆட்டத்துக்கெல்லாம் எலுமிச்சம்பழம் நறுக்கிக்கொண்டு போவது என் வேலை. இடைவேளையில் ஆட்டக்காரர்களுக்குக் கொடுப்பேன்.

அப்போது ஹாக்கி என்றால் ஊருக்கே பித்து. 1975இல் கோலாலம்பூரில் உலகக் கோப்பையை வென்றிருந்தோம். மறுவருடம் மான்ட்ரியல் ஒலிம்பிக்கில் முதல்முறையாகச் செயற்கைத் தரை வந்தது, நாம் ஏழாவது இடத்துக்கு இறங்கினோம். எங்கள் பையன்களுக்கு அது எதுவும் பெரிதில்லை. மண் தரை, கான்வாஸ் ஷூ, ஒட்டுப்போட்ட மட்டை.

கல்லூரிகளுக்கிடையேயான போட்டியில் அண்ணனின் அணி இறுதி ஆட்டத்துக்கு வந்தது. அதே ஞாயிறு, வங்கி எழுத்தர் தேர்வு. தி.நகரில் ஒரு பள்ளியில் மையம். அப்பா கோபப்படவில்லை. "உனக்குப் பின்னால ஒருத்தன் இருக்கான்" என்று என்னைக் காட்டினார். அவ்வளவுதான்.

அண்ணன் தேர்வுக்குப் போனார். நான் எலுமிச்சம்பழத்தோடு மைதானத்துக்குப் போனேன். 0-1 என்று தோற்றோம். கடைசி நிமிடங்களில் விழுந்த அந்த கோல், எதிரணியின் ரைட் அவுட் எங்கள் இடது பக்கம் ஓடிவந்து கொடுத்த பந்தில் விழுந்தது. அண்ணன் நிற்க வேண்டிய இடம். வீட்டுக்கு வந்து நான் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை.

வேலை கிடைத்தது. அந்தச் சம்பளத்தில்தான் நான் ஆசிரியர் பயிற்சி முடித்தேன். 1980இல் மாஸ்கோவில் நம் சென்னை பாஸ்கரன் தலைமையில், ஸ்பெயினை 4-3 என்று வென்று தங்கம் வாங்கியபோது தெருவே கொண்டாடியது. அண்ணன் பேப்பரை மடித்து வைத்துவிட்டு வேலைக்குக் கிளம்பினார். 2023இல் எழும்பூரில் ஆசிய சாம்பியன்ஸ் கோப்பை இறுதி ஆட்டத்துக்குக் கூப்பிட்டேன். "நீ போய்ட்டு வா" என்றார். மலேசியாவிடம் 1-3 என்று பின்தங்கி 4-3 என்று ஜெயித்ததை நான் தனியாகத்தான் பார்த்தேன்.

அந்த விடியற்காலையில், போனை வைத்ததும் அண்ணன் சொன்னார்: "அன்னிக்கு எழுதி முடிச்சதும் பஸ் பிடிச்சு ஓடினேன்டா. கேட்டுக்கு வெளியே நின்னேன். கடைசி அஞ்சு நிமிஷம். அந்த கோல் எந்தப் பக்கத்துலேர்ந்து வந்துச்சுன்னு எனக்குத் தெரியும்."

நான் மறைத்ததாக நினைத்ததை அவர் நேரிலேயே பார்த்திருக்கிறார். "உள்ள வந்திருக்கலாமே அண்ணே?" என்றேன். "எப்படிடா வர்றது? நீ பழம் வெச்சிக்கிட்டு நின்னுட்டிருந்தே" என்றார்.

மெரினாவில் ஐஸ் ஹவுஸ் இருக்கிறதே, அதற்கு ஏன் அந்தப் பெயர் தெரியுமா? 1840களில், அதே பாஸ்டன் பக்கத்து ஏரிகளில் வெட்டிய பனிக்கட்டி, மரத்தூளில் பொதிந்து கப்பலில் நான்கு மாதம் பயணம் செய்து வந்து அங்கே சேமிக்கப்பட்டது. வழியில் கரைந்தது போக மிச்சம் வந்து சேரும். அண்ணனுக்குள்ளும் அப்படி ஏதோ கரையாமல் இருந்திருக்கிறது.

2025 டிசம்பரில் எழும்பூரில் ஜூனியர் உலகக் கோப்பை. வெண்கலத்துக்கான ஆட்டம். இந்த முறை கூப்பிட்டதும் சட்டையை மாட்டிக்கொண்டு வந்தார். அர்ஜென்டினா 2-0 என்று முன்னால் இருந்தது. நம் பையன்கள் கடைசிக் கால்பகுதியில் நான்கு கோல் போட்டு 4-2 என்று ஜெயித்தார்கள். அரங்கமே எழுந்து குதித்தது. எழுபது வயது அண்ணன் உட்கார்ந்தபடி இடது பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வகுப்பறையில் எத்தனையோ பையன்களிடம் "முதல்ல பரீட்சை, அப்புறம் ஆட்டம்" என்று சொல்லியிருக்கிறேன். அது தப்பு என்று இன்றும் சொல்ல மாட்டேன். நான் சாப்பிட்ட சோறு அந்தப் பரீட்சையில் வந்தது. ஆனால் ஆட்டத்தை விட்டுவிட்டு வந்த பையனிடம், "மேட்ச் என்னாச்சுடா?" என்று ஒரு நாளும் கேட்டதில்லை. கேட்டிருக்க வேண்டும்.

உங்கள் வீட்டிலும் அப்படி யாராவது இருந்தால், இன்று கேட்டுவிடுங்கள்.