ஓல்டின் மனைவி

மட்டக்களப்பு நகரில் வணபிதா வில்லியம் ஓல்டுக்குச் சிலை உண்டு. 1814இல் வந்த மெதடிஸ்த மிசனரி. மத்திய கல்லூரி தன் தொடக்கத்தை அவரிலிருந்துதான் எண்ணுகிறது. இதெல்லாம் இங்கே பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கே தெரியும். கரையிறங்கியபோது அவர் மனைவியைக் கடலில் பறிகொடுத்துச் சில மாதங்களே ஆகியிருந்தன என்பதை மட்டும் ஒருவரும் சொல்லிக்கொடுப்பதில்லை.

*

1813 டிசம்பர் கடைசியில் மிசனரிகள் இங்கிலாந்திலிருந்து பம்பாய் வழியாக இலங்கைக்குப் பாய் விரித்தார்கள். தலைவர் தோமஸ் கோக், வயது 66. இரண்டு கப்பல்கள்: கபால்வா, லேடி மெல்வில். ஓல்ட் தம்பதியர் லேடி மெல்வில்லில். பம்பாயைக் காணுமுன்னே அந்த அம்மா இறந்துபோனார். மே 3 காலையில் கோக்கும் தன் அறையில் பிணமாகக் கிடந்தார். இருவருக்கும் கடலே அடக்கம். கோக்கைப் பற்றிப் புத்தகங்கள் வந்தன.

*

கோக் வந்த அதே கபால்வா 1818இல் மொரிசியசுக்கு வடகிழக்கே கார்கடோஸ் பவளத்திட்டில் மோதி உடைந்தது. கப்பல் உடைந்தால் அது சரித்திரம். பயணி ஒருத்தி நோயில் செத்தால் கப்பல் நிற்பதுகூட இல்லை: துணியில் சுற்றி, பாரம் கட்டி, ஜெபம் சொல்லி இறக்கிவிட்டு அது தன்பாட்டில் போகும்.

*

உடல் கிடைக்காத சாவு எங்கள் பக்கத்துக்குப் புதிதல்ல. தர்ப்பையால் உருவம் செய்து கொள்ளி வைத்து, முப்பத்தோராம் நாளில் அந்தியேட்டி முடிக்க வழியிருக்கிறது. சமயம் வழிவிட்டாலும் கந்தோர் விடாது. மரணச் சான்றிதழுக்குச் சடலத்தைக் கேட்கும். 2004 டிசம்பர் 26 சுனாமி மட்டக்களப்பின் நாவலடியை அள்ளிப்போன பிறகு, அதில் காணாமற்போனவர்களின் மரணத்தைப் பதிய 2005இல் தனிச் சட்டமே போட வேண்டிவந்தது. காணி உறுதி, வங்கிப் பணம், விதவைக்கான உதவி எல்லாம் அந்த ஒரு காகிதத்தில்தான் தொங்கின.

*

1942 ஏப்ரல் 9இல் யப்பானிய விமானங்கள் மட்டக்களப்புக்கு நேரே கடலில் ஹெர்மிஸ் என்ற பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பலை மூழ்கடித்தன. 307 பேர் போனார்கள். இன்று சுழியோடிகள் அதைப் பார்க்கவே பாசிக்குடாவுக்கும் கல்லடிக்கும் வருகிறார்கள். மாண்டவர்களில் பலரின் பெயர் இங்கிலாந்தின் பிளிமத் நினைவுத்தூணில் இருக்கிறது. பேரப்பிள்ளைகள் போய்த் தடவிப் பார்க்க ஒரு எழுத்தாவது உண்டு. சிப்பாய்க்கு அரசாங்கம் தூண் எழுப்பும். மிசனரியின் மனைவிக்குப் புருசன்தான் எழுத வேண்டும்.

*

எழுதிய புருசனும் இருந்தார். அதே பயணத்தில் கபால்வாவில் வந்தவர்கள் ஹார்வர்ட் தம்பதியர். அந்த அம்மா, எலிசபெத், இலங்கையில் ஊழியம் செய்து இங்கிலாந்துக்குத் திரும்பிய பின்னரே இறந்தார். கணவர் அவருடைய வாழ்க்கையை நூலாக்கி அச்சிட்டார். ஓல்ட் தன் மனைவியை எப்படி நினைத்திருப்பார் என்று நான் கற்பனை செய்யப் போவதில்லை. அவர் 1815 ஏப்ரல் 1ஆம் திகதி இங்கேயே இறந்தார். மட்டக்களப்பில் அவருக்குக் கிடைத்தது ஓராண்டுகூட இல்லை. தமிழ் படிக்கவும் பள்ளிக்கூடங்கள் திறக்கவுமே அது பற்றவில்லை.