தாய் மீதா பழி?

தாயத்தைக் கண்டு நகைத்தவன் நான். அதைத் தன் மகனுக்குக் கட்டிய தாயைக் கண்டும் நகைத்தவன் நான். இன்று அந்த நகைப்பை எண்ணி நாணுகிறேன். ஏன் என்று கூறுகிறேன், கேளுங்கள் தோழர்களே!

என் வகுப்பிலே ஏழு வயதுச் சிறுவன் ஒருவன். பெயர் சொல்லி அழைத்தால் திரும்பமாட்டான், முகம் நோக்கமாட்டான். "உன் பெயர் என்ன?" என்று கேட்டால், "உன் பெயர் என்ன?" என்பதே அவன் விடை! சாக்பீஸ் துண்டுகளை வரிசையாக அடுக்குவான். ஒன்றை அகற்றினால் கதறுவான். பள்ளி மணி ஒலித்தால் இரு காதுகளையும் பொத்திக்கொண்டு மேசைக்கு அடியில் புகுந்துகொள்வான்.

பேய் என்றது ஊர். முற்பிறவிப் பாவம் என்றாள் பாட்டி. சூல்கொண்டிருந்தபோது தாய் கிரகணத்தைப் பார்த்துவிட்டாள் என்றான் கோடாங்கி. பட்டம் பெற்றவன், மேடைதோறும் பகுத்தறிவு பேசுபவன், நான் என்ன சொன்னேன்? திமிர் என்றேன்! வகுப்புக்கு வெளியே நிறுத்தினேன். தாயை அழைத்து, "செல்லம் கொடுத்துக் கெடுத்துவிட்டீர்கள், அம்மா" என்றேன்.

அந்த அம்மையார் அழவில்லை. "கோடாங்கியும் என்னைத்தான் சொன்னான், சார். நீங்களும் என்னைத்தான் சொல்றீங்க" என்றார்.

அன்றிரவு உறக்கமில்லை. ஆய்ந்து பாராமல் காரணம் கூறியவன் கோடாங்கி மட்டும்தானா? நான் எவ்வளவு ஆய்ந்தேன்? ஏடுகளைத் தேடினேன், மருத்துவரை நாடினேன். அறிந்தேன் ஆட்டிசம் என்பதை.

1943-ல் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில், லியோ கானர் என்ற மருத்துவர் 11 குழந்தைகளைக் கூர்ந்து நோக்கி அதை விளக்கி எழுதினார். பழகுவதிலும் கருத்தைப் பரிமாறுவதிலும் வேறுபாடு, ஒரே செயலை மீண்டும் மீண்டும் செய்தல், மாற்றத்தைத் தாங்காமை, ஒலி, ஒளி, தொடுகை ஆகியவற்றில் மிகுந்த கூச்சம், அல்லது உணர்ச்சிக் குறைவு. மூளை வளரும் முறையிலேயே அமைந்த வேறுபாடு இது.

ஆனால் அறிவியலும் ஒரு காலத்தில் தவறியது, தோழர்களே! பாசமற்ற, பனிக்கட்டி போன்ற தாயே காரணம் என்று மேலை நாட்டு மேதைகள் சிலர் முழங்கினர். 1967-ல்கூட சிகாகோவின் புரூனோ பெட்டல்ஹைம் பெற்றோரைக் குறைகூறி நூல் எழுதினார். கிரகணம் இல்லை, கோடாங்கி இல்லை. பழி மட்டும் அதே தாயின் தலைமேல்!

எனினும், தவறைத் திருத்தியதும் அறிவியலே. ஆட்டிசம் உள்ள மகனின் தந்தையும் உளவியலாளருமான பெர்னார்டு ரிம்லேண்ட், 1964-லேயே அக்கொள்கையை மறுத்து எழுதினார். 1977-ல் சூசன் போல்ஸ்டீன், மைக்கேல் ரட்டர் இருவரும் 21 இணை இரட்டையரை ஆய்ந்தனர். ஒரே கருமுட்டையில் பிறந்த 11 இணைகளுள் 4-ல் இருவருக்குமே ஆட்டிசம். வெவ்வேறு கருமுட்டையில் பிறந்த 10 இணைகளுள் ஒன்றில்கூட அவ்வாறு இல்லை. வளர்ப்பே காரணமானால் இந்த வேற்றுமை வருவானேன்? மரபணுவின் பங்கு மிகப் பெரிது என்பதைப் பின்னர் வந்த ஆய்வுகளும் உறுதி செய்தன. உடைந்தது பழி!

ஆட்டிசத்தை வேறொன்றாக மயங்குவதும் உண்டு. அழைத்தால் திரும்பாதவன் செவிடனோ? முதலில் செவியைச் சோதிக்க வேண்டும். காது கேளாத குழந்தை கண்ணாலும் கையாலும் நம்மோடு பேச முயலும். பேச்சு மட்டும் தாமதமான குழந்தையும் வேண்டியதைச் சுட்டிக் காட்டும். ஆட்டிசம் உள்ள குழந்தையிடம் அந்தச் சுட்டுதலே பெரும்பாலும் குறைந்திருக்கும். வீட்டிலே கலகலவென்று பேசிப் பள்ளியிலே வாய் திறவாத குழந்தையின் நிலை வேறு. அது அச்சத்தில் பிறந்தது. அறிவுத்திறன் குறைபாடு கற்றலை முழுதுமே தாமதப்படுத்தும்; ஆட்டிசத்தோடு அது சேர்ந்திருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். கவனச்சிதறல் உள்ள குழந்தையின் மனம் தாவிக்கொண்டே இருக்கும். ஆட்டிசம் உள்ள குழந்தையின் மனமோ பிடித்த ஒன்றில் ஊன்றி நிற்கும். இரண்டும் ஒருவரிடமே இருக்கலாம் என்பதை அமெரிக்க உளமருத்துவக் கையேடு 2013-ல்தான் ஏற்றது. இல்லாத குரலைக் கேட்கும் மனச்சிதைவு நோயும் வேறு. 1980-ல் அதே கையேடு இரண்டையும் பிரித்தது. இரத்தச் சோதனையால் அறிய இயலாது. பயிற்சி பெற்றவர் கூர்ந்து நோக்கியே கூற இயலும்.

மாவட்ட மருத்துவமனைக்கு நானும் உடன் சென்றேன். செவியில் குறையில்லை, ஆட்டிசம் என்றனர். இன்று வகுப்பில் அன்றன்றைய வேலைகளைப் படங்களாக வரிசையில் ஒட்டியிருக்கிறேன். மணி அடிக்குமுன் அவனுக்கு அறிவித்துவிடுகிறேன். தண்ணீர்ப் படத்தைக் காட்டித் தண்ணீர் கேட்கிறான். என் முகத்தை இன்னும் நோக்குவதில்லை. நோக்கு என்று நான் வற்புறுத்துவதும் இல்லை. ஆட்டிசத்தையும் உள்ளிட்ட 21 குறைபாடுகளைப் பட்டியலிட்ட 2016-ஆம் ஆண்டுச் சட்டம் அவனுக்குப் பள்ளியிலே உரிமை தந்திருக்கிறது. நான் அவனுக்குச் சலுகை தரவில்லை.

தாயத்தை அவிழ்க்கச் சொல்லும் தகுதியை நான் இழந்திருந்தேன். அந்த அம்மையாரே ஒருநாள் அவிழ்த்தார். "கயிறு உரசுனாத்தான் இவன் அழுறான், சார். பார்த்துக்கிட்டே இருந்தேன், புரிஞ்சுது" என்றார்.

கூர்ந்து நோக்கினார், காரணம் கண்டார், களைந்தார். பகுத்தறிவு என்று நாம் பேசுவது இதுவன்றி வேறு என்ன?