பூட்டு உடையவில்லை

விருத்தாசலத்தை ஒட்டிய செம்மண் காட்டில் முந்திரித் தோப்பு வைத்திருக்கிறார் அந்த விவசாயி. மரங்கள் எல்லாம் விருத்தாசலம் மண்டல ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட வி.ஆர்.ஐ. 3 ரகம். பொறுக்கிய கொட்டையைக் காயவைத்து, விலை ஏறட்டும் என்று மோட்டார் கொட்டகையில் மூட்டையாக அடுக்கியிருந்தார். ஒருநாள் காலையில் எண்ணினால் 2 மூட்டை குறைகிறது. கதவு பூட்டியபடியே இருந்தது. பூட்டில் ஒரு கீறல்கூட இல்லை.

சாவி இரண்டு. ஒன்று அவரிடம், மற்றொன்று 12 வருடமாகத் தண்ணீர் பாய்ச்ச வரும் பெரியவரிடம். "ராத்திரி கொட்டகையைத் திறந்தீங்களா?" என்றுதான் கேட்டார். பெரியவர் பதில் சொல்லவில்லை. மடியிலிருந்த சாவியை எடுத்துத் திண்ணையில் வைத்துவிட்டு நடந்தார்.

பெரிய பூட்டாக மாட்டிவிடலாம் என்று, பீங்கான் தொழிற்பேட்டைப் பட்டறைகளுக்குக் கதவு வேலை பார்க்கும் தச்சரை அழைத்து வந்தார். தச்சர் பூட்டைப் பார்க்கவே இல்லை. நிலையில் அறைந்திருந்த நாதாங்கியைப் பிடித்து இழுத்தார். பூட்டோடும் கொண்டியோடும் கையில் வந்துவிட்டது. உள்ளே கரையான் தின்ற தூள். அதைப் பழைய ஓட்டையிலேயே செருகினார். பூட்டிய கதவு மாதிரியே நின்றது.

"பூட்டு நல்லாத்தாண்ணே இருக்கு. அதைத் தாங்குறதுதான் இல்ல" என்றார்.

நாவைத் தாங்குவதால்தான் அது நாதாங்கி. கதவின் பலம் அங்கேதான் முடிகிறது. ஆணி போல அறையும் நாதாங்கி, மரம் உளுத்தால் கழன்றுவிடும். வீட்டுக் கதவில் பூட்டின் நாக்கு நுழையும் மெல்லிய தகடு, அரை அங்குலத் திருகில் நின்றால், நாலு உதையில் நிலையின் ஓரம் பிளந்துவிடும். பெட்டி போல் மூடிய தகடு நாக்கைச் சுற்றி மறைப்பதால், அங்கே கம்பி விட்டு நெம்புவது கடினம். நீளமும் கனமுமான தகட்டை 3 அங்குல நிலையில் 2½ அங்குலத் திருகால் முடுக்கினால், உதையின் வேகம் ஒரே இடத்தில் விழாமல் பரவும். கொட்டகைக்கு எளிய வழி, தகடு வைத்த நாதாங்கிக்கு நிலையை ஊடுருவும் போல்ட். உருண்டைத் தலை வெளியே, நட்டு உள்ளே இருக்க வேண்டும். பூட்டிய பிறகு கொண்டியின் திருகுகள் வெளியே தெரியக் கூடாது. அதற்கும் முன்னால், நிலையை ஊசியால் குத்திப் பார்க்க வேண்டும். ஊசி சுலபமாக இறங்கினால் கட்டையை மாற்றுவதே சரி.

தச்சர் உளுத்த கட்டையை மாற்றி, போல்ட் போட்டுக் கொடுத்தார். பூட்டு மட்டும் பழையதே.

அன்று சாயங்காலமே விவசாயி, பெரியவர் வீட்டு வாசலில் போய் நின்றார். "தப்பு என்னுதுங்க" என்று சாவியை நீட்டினார். பெரியவர் அதைக் கையில் வாங்க 3 நாள் ஆனது.