அடுத்து எந்தப் படம் எடுப்பார்கள்? உவரிக் கடற்கரையில் போட்ட ஒரு கணக்கு

போன மாதம் உவரியில் எங்கள் மாணவர் பயிலரங்கின் கடைசி நாள். வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், முதல் தகவல் அறிக்கையில் எந்தப் பிரிவுகளைக் கேட்டு வாங்க வேண்டும், நிவாரணத் தொகை எப்போது வர வேண்டும் என்று இரண்டு நாள் பேசி முடித்திருந்தோம். சாயங்காலம் எல்லோரும் கடற்கரைக்கு வந்துவிட்டார்கள். ஒரு பக்கம் அந்தோணியார் கோயிலுக்கு வந்த கூட்டம். இன்னொரு பக்கம் சுயம்புலிங்கசாமி கோயிலுக்கு நேர்ந்துகொண்டவர்கள் கடல் மண்ணை ஓலைப்பெட்டியில் அள்ளிச் சுமந்துகொண்டிருந்தார்கள். சட்டம் பேசிய வாய்கள் எல்லாம் சினிமாவுக்கு மாறிவிட்டன.

ஒரு தம்பி கேட்டான்: "அண்ணே, இன்னும் அஞ்சு வருசத்துல நம்மள வச்சு என்னென்ன படம் வரும்? சொல்லுங்க பாப்போம்."

விளையாட்டாகத்தான் ஆரம்பித்தோம். ஆளுக்கு ஒரு துண்டுத்தாளில் மூன்று படம் எழுத வேண்டும்: எடுப்பார்கள் என்று நம்புவது இரண்டு, எடுக்கவே மாட்டார்கள் என்று நினைப்பது ஒன்று. தாள்களைப் பிரித்துப் படித்தபோதுதான் இது வெறும் விளையாட்டு இல்லை என்று புரிந்தது.

முதலில், ஒரு படத்தை எடுப்பது யார் முடிவு என்று பார்க்க வேண்டும். கதை எழுதுகிறவர் மட்டும் முடிவு செய்வதில்லை. ஒரு காலத்தில் ஸ்டுடியோ முதலாளிகள் முடிவு செய்தார்கள். நந்தனார் கதை 1935இல் கே.பி.சுந்தராம்பாளை வைத்து எடுக்கப்பட்டது. 1942இல் ஜெமினி ஸ்டுடியோ தண்டபாணி தேசிகரை வைத்து மறுபடியும் எடுத்தது. நம் ஆள் ஒருவர் கதாநாயகனாக வர முதலாளிகள் அன்று சம்மதித்த கதை எது என்று பாருங்கள். உள்ளே போவதற்கு முன்னால் நெருப்பில் இறங்க வேண்டிய பக்தனின் கதை.

பிறகு விநியோகஸ்தர் காலம். தமிழ்நாட்டை ஏரியா ஏரியாவாகப் பிரித்து விற்பார்கள். நம் திருநெல்வேலியும் கன்னியாகுமரியும் சேர்ந்தது டி.கே. ஏரியா. எந்த ஏரியாவிலும் கலெக்‌ஷன் கெடக்கூடாது என்றால் எந்த ஊர்ப் பெரியவருக்கும் மனம் நோகக்கூடாது. 'தேவர் மகன்', 'சின்ன கவுண்டர்' (1992), 'எஜமான்' (1993), 'நாட்டாமை' (1994) என்று வரிசையாக வந்தது இந்தக் கணக்கில்தான். அந்தப் படங்களில் நாம் இல்லாமல் இல்லை. கைகட்டி நின்றோம், பின்னால் நடந்தோம், அடி வாங்கினோம்.

2012இல் 'அட்டகத்தி' வந்தது. 'மெட்ராஸ்', 'கபாலி', 'காலா', 'பரியேறும் பெருமாள்', 'அசுரன்', 'கர்ணன்', 'சார்பட்டா பரம்பரை', 'ஜெய் பீம்' என்று பத்து ஆண்டுக்குள் கணக்கு மாறியது. மனசாட்சி உறுத்தித் தயாரிப்பாளர்கள் மாறினார்கள் என்று நாங்கள் நினைக்கவில்லை. டிக்கெட் வாங்குகிற நம் பிள்ளைகளின் எண்ணிக்கை அவர்கள் கண்ணுக்குத் தெரிந்தது. பா.ரஞ்சித் நீலம் என்று சொந்த நிறுவனம் தொடங்கி, தாமே தயாரிப்பாளர் ஆனார். ஓ.டி.டி. வந்ததால் 'சார்பட்டா'வும் 'ஜெய் பீ'மும் எந்த ஊர்த் தியேட்டர்காரரையும் கேட்காமல் வீட்டுக்குள் வந்தன.

சரி, இனி என்ன வரும்? எங்கள் தாள்களில் அதிகமாக இருந்தது விளையாட்டுப் படம். இது சரியான கணிப்பு என்றே நினைக்கிறோம். குத்துச்சண்டைக்கு 'சார்பட்டா', கிரிக்கெட்டுக்கு 'ப்ளூ ஸ்டார்', 'லப்பர் பந்து' (2024), கபடிக்கு மணத்தி கணேசன் வாழ்க்கையை ஒட்டி வந்த 'பைசன்' (2025). இன்னும் வாலிபால், ஓட்டம், சிலம்பம் எல்லாம் வரும். காரணம் எளிது. விளையாட்டில் கடைசியில் ஒரு வெற்றி உண்டு. கொலை செய்தவன் தண்டனை அடையாவிட்டாலும் நம் பையன் கோப்பையைத் தூக்கிவிடலாம். பார்ப்பவர் கைதட்டிக்கொண்டு வெளியே போகலாம். இந்தப் படங்கள் எங்களுக்கும் பிடிக்கும். ஆனால் எல்லாக் கதைக்கும் கோப்பை கிடைக்காது.

இரண்டாவது, நீதிமன்றப் படமும் பஞ்சாயத்துப் படமும். 'ஜெய் பீம்' ஓடியதால் முன்னதும், 'நந்தன்' (2024) தொட்ட தனித் தொகுதி ஊராட்சித் தலைவர் பிரச்சினை நம் மாவட்டங்களில் இன்னும் தீராததால் பின்னதும் வரும்.

மூன்றாவது, எதிர்ப்படங்கள். 'திரௌபதி' (2020) மக்களிடம் பணம் திரட்டி எடுக்கப்பட்டது, அடுத்த ஆண்டே 'ருத்ர தாண்டவம்' வந்தது. சட்டத்தை நாம் தவறாகப் பயன்படுத்துகிறோம், காதலை நாடகமாக நடத்துகிறோம் என்று சொல்லும் படங்கள் இன்னும் வரும். அதைப் பார்த்துக் கொதிப்பதற்கு முன்னால் ஒன்றைக் கவனியுங்கள். நாம் பேசத் தொடங்காத காலத்தில் அவர்களுக்கு இந்தப் பதில் தேவைப்படவில்லை.

நான்காவது, பள்ளிக்கூடம். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு மாணவனை உடன்படித்தவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. கையில் கட்டும் வண்ணக் கயிறு இன்று நாடறிந்த செய்தி. அதை மையமாக வைத்து ஒரு பெரிய படம் வரும். ஆனால் அதில் இரு பக்கமும் கயிறு கட்டியவர்கள், இரு பக்கமும் தவறு என்று சமன் செய்துவிடுவார்களோ என்பதுதான் எங்கள் பயம்.

எதை எடுக்கலாம் என்பதைப் போலவே எதைச் சொல்லாமல் எடுக்கலாம் என்பதற்கும் ஒரு கணக்கு இருக்கிறது. கொடியன்குளத்தில் போலீஸ் புகுந்து வீடுகளை நொறுக்கியது 1995 ஆகஸ்ட் 31. அதன் நினைவோடு வந்த 'கர்ணன்' படத்தில் முதலில் 1997 என்று போட்டார்கள். அது யாருடைய ஆட்சி என்ற பேச்சு எழுந்ததும் '90களின் பிற்பகுதி' என்று மாற்றினார்கள். ஊர்ப்பெயரும் படத்தில் வேறு. 'ஜெய் பீம்' ராஜாக்கண்ணு வழக்கை ஒட்டியது. அவர் குறவர் சமூகத்தவர், படத்தில் இருளர் ஆனார். எதிர்ப்பு வந்ததும் சுவரில் தொங்கிய ஒரு காலண்டர் படம் மாறியது. ஆக, காயத்தைக் காட்டலாம். தேதி, ஆட்சி, குத்தியவன் அடையாளம் என்று வரும்போதுதான் கத்தரி வரும்.

இன்னொரு கணக்கும் போட்டோம். 1993இல் நடந்த ராஜாக்கண்ணு கொலை 2021இல் படமானது, 28 ஆண்டு. 1995 கொடியன்குளம் 2021இல், 26 ஆண்டு. 1968 வெண்மணியில் 44 பேர் எரிக்கப்பட்டது மட்டும் 15 ஆண்டில் 'கண் சிவந்தால் மண் சிவக்கும்' (1983) படத்துக்குள் வந்தது, அதுவும் ஒரு நாவல் வழியாக. மற்றபடி கிட்டத்தட்ட கால் நூற்றாண்டு. ஏன் இவ்வளவு காலம்? தயாரிப்பாளர் பயம் ஒரு காரணம். அதைவிட, அடிபட்ட தெருவில் அன்று குழந்தையாக இருந்த ஒருவர் வளர்ந்து, படித்து, சென்னைக்குப் போய், உதவி இயக்குநராகக் காத்திருந்து, கையில் கேமரா வாங்க ஆகிற காலம் அது.

அப்படியானால் 1999 ஜூலை 23? மாஞ்சோலைத் தொழிலாளர்களுக்காகக் கலெக்டர் அலுவலகம் போன ஊர்வலத்தைப் போலீஸ் அடித்துத் தாமிரபரணியில் தள்ளிய நாள். ஒரு கைக்குழந்தையோடு சேர்த்து 17 பேர் செத்தார்கள். ஆர்.ஆர்.சீனிவாசன் ஆவணப்படம் எடுத்தார். மாரி செல்வராஜின் சிறுகதைத் தொகுப்புக்கே 'தாமிரபரணியில் கொல்லப்படாதவர்கள்' என்றுதான் பெயர். 1929இல் தொடங்கிய மாஞ்சோலைக் குத்தகையின் 99 ஆண்டு 2028இல் முடிகிறது. தொழிலாளர்களை 2024லேயே மலையை விட்டு இறங்கச் சொல்லிவிட்டார்கள். 2030க்குள் தாமிரபரணி பெரிய திரையில் வரும் என்பது எங்கள் கணிப்பு. அப்போது எஸ்டேட் லயன் வீடுகளில் ஆள் இருக்காது. கேமரா போகும், கதை சொன்ன சனம் இருக்காது.

எடுக்கவே மாட்டார்கள் என்ற பட்டியலுக்கு வருவோம். இந்தக் கடற்கரை சினிமாவுக்குப் புதிதில்லை. 'நீர்ப்பறவை' (2012), 'கடல்', 'மரியான்' (2013) என்று ஓர் அலை வந்து போனது. 'மரியா'னுக்கு வசனம் எழுதிய ஜோ டி குரூஸ் இதே உவரிக்காரர். கடல், சிலுவை, கட்டுமரம் எல்லாம் திரையில் அழகாகத் தெரியும். ஆனால் கோயில் மணிச்சத்தம் கேட்கும் தூரத்தில் தனித் தெரு, தனிக் கல்லறை என்று வாழும் தலித் கிறிஸ்தவர்கள்? 1950 குடியரசுத் தலைவர் ஆணை அவர்களைப் பட்டியல் சாதியில் சேர்க்கவில்லை. 1956இல் சீக்கியருக்கும் 1990இல் பௌத்தருக்கும் திறந்த கதவு இவர்களுக்கு மட்டும் இன்னும் திறக்கவில்லை. 2022இல் இதைப் பார்க்க பாலகிருஷ்ணன் ஆணையம் போட்டார்கள். திருச்சி மேலப்புதூர் கல்லறைக்குள் சாதி பிரிக்கும் சுவரைப் பற்றி எத்தனையோ பேர் எழுதிவிட்டார்கள். இந்தக் கதையை எடுத்தால் சபைக்குக் கோபம் வரும், சபையைப் பிடிக்காதவர்கள் அதைத் தங்களுக்குப் பயன்படுத்துவார்கள், நம்மவர்களே இப்போது வேண்டாம் என்பார்கள். மூன்று பக்கமும் இடி. எந்தத் தயாரிப்பாளரும் தொடமாட்டார் என்று நான்கு தாளில் எழுதியிருந்தது.

கடைசித் தாள் ஒரு தங்கச்சியுடையது. வள்ளியூர்ப் பக்கம், கல்லூரி இரண்டாம் ஆண்டு. எடுக்கவே மாட்டார்கள் என்ற இடத்தில் "எங்க அம்மை" என்று மட்டும் இருந்தது. விளக்கம் கேட்டோம்.

"எங்க அம்மை பீடி சுத்துதா. வீட்டு மனைப் பட்டாவுக்கு பதினோரு வருசம் தாலுக்கா ஆபீசுக்கு நடந்தா. ஒருத்தரும் வெட்டல, ஒருத்தரும் எரிக்கல. வாங்க வாங்கன்னு சொல்லியே அலைய விட்டாவ. நாப்பது வீட்டுக்கும் பட்டா வாங்கிக் குடுத்துட்டா. இதுல சண்டை இல்ல, பாட்டு இல்ல. யாரு எடுப்பா?"

யாரும் பேசவில்லை. நாங்கள் பட்டியல் போட்ட படங்களில் எல்லாம் நம் பெண்கள் அழுதார்கள், பிணத்தின் மேல் விழுந்தார்கள், காத்திருந்தார்கள். 'நட்சத்திரம் நகர்கிறது' ரெனே மாதிரி தன் கதையைத் தானே நடத்துகிறவளைத் தேட வேண்டியிருந்தது. செத்தால்தான் கதை என்று நாமே நம்பத் தொடங்கிவிட்டோமோ?

அவளே கேட்டாள்: "இருவத்தஞ்சு வருசம்னு சொல்லுதிய. நாங்குநேரிக்கு 2048 வரைக்கும் காத்திருக்கணுமாக்கா?"

பதில் சொல்லும் முன் ஒன்றைச் சொல்ல வேண்டும். எங்கள் பயிற்சிக்கு வரும் தம்பி ஒருவன் படத்து வசனம் ஒன்றை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைத்ததற்காகப் பஸ் ஸ்டாண்டில் அடிபட்டான். தையல் போடும்போது கூட இருந்தோம். அந்த வசனத்தை எழுதியவர் மேல் எங்களுக்கு வருத்தமில்லை. ஆனால் படம் தியேட்டரில் முடிந்த பிறகு மிச்சத்தைத் தெருவில் நம் பிள்ளைகள்தான் சுமக்கிறார்கள். ஆகவே எது வரும் என்று யூகித்துக் கைதட்டக் காத்திருப்பது மட்டும் நம் வேலையாக இருக்க முடியாது.

'ஜெய் பீம்' எடுக்க முடிந்ததற்கு முதல் காரணம், வழக்குக் கட்டு இருந்தது. தேதி இருந்தது, சாட்சி இருந்தது, தீர்ப்பு இருந்தது. காலண்டரை மாற்றலாம், தீர்ப்பை மாற்ற முடியாது. நம் தெருக்களில் நடப்பதில் எத்தனைக்கு அப்படி ஒரு கட்டு இருக்கிறது?

அன்று இரவே ஒரு முடிவு எடுத்தோம். வந்திருந்த ஒவ்வொருவரும் தங்கள் தெருவில் ஒருவரை உட்காரவைத்து, போனிலேயே அவர் குரலைப் பதிவு செய்ய வேண்டும். சாவுக்கதை வேண்டும் என்று கட்டாயமில்லை. பட்டா, பாதை, குழாய், ரேஷன் கார்டு, எதுவானாலும். மனு நகல், முத்திரை இட்ட ரசீது, தேதி எல்லாம் சேர்த்து ஒரு கோப்பில் வைக்க வேண்டும். சொன்னவர் சம்மதம் இல்லாமல் வெளியே போகக்கூடாது. எந்தத் தயாரிப்பாளரும் வராவிட்டாலும் அடுத்த மனுவுக்கு அது உதவும்.

தாள்களை ஒரு கவரில் போட்டு, 2030இல் பிரிப்பது என்று எழுதி அலுவலக அலமாரியில் வைத்திருக்கிறோம். போன வாரம் அந்தத் தங்கச்சி முதல் பதிவை அனுப்பினாள். இரண்டு மணி நேரம் ஓடுகிறது. அம்மை பேசிக்கொண்டே பீடி சுற்றுகிறார், இலை வெட்டும் கத்தரிச் சத்தம் கடைசி வரை கேட்கிறது. அவருடைய பெயர் அந்தக் கோப்பில் முதல் வரியில் இருக்கிறது.