அம்பலும் அலரும்

சென்ற பருவத்தில் இளங்கலை இரண்டாமாண்டு வகுப்பில் நற்றிணையின் 149ஆம் பாடலை நடத்திக்கொண்டிருந்தேன். உலோச்சனார் பாடிய நெய்தல் பாட்டு. ஊர்ப் பெண்கள் தெருவில் கூடிக் கடைக்கண்ணால் பார்த்து, மூக்கின்மேல் விரல் வைத்துப் பேசுகிறார்கள். அந்தப் பேச்சை நம்பிய தாய் கோலெடுத்து மகளை அடிக்கிறாள். இந்த ஊர் தன் பேச்சோடு கிடக்கட்டும், நீ அவனோடு போய்விடு என்று தோழி முடிவு செய்கிறாள். பாட்டு அத்துடன் முடிகிறது.

முன்வரிசையில் இருந்த வேம்பார்ப் பக்கத்து மாணவி எழுந்தாள். "அடி வாங்கினது அந்தப் பொண்ணு. ஊரை விட்டுப் போறதும் அவதான். பேசினவங்களுக்கு என்ன ஆச்சு சார்?"

உரைகளில் இதற்கு விடை இல்லை. மணி அடித்தது நல்லதாயிற்று.

அகப்பாடல்களில் அம்பல், அலர் என்று இரண்டு சொற்கள் உண்டு. இறையனார் களவியல் உரை இவற்றை நுட்பமாகப் பிரித்துக் காட்டுகிறது. அம்பல் என்பது அரும்பு. சொல் இன்னும் வெளிப்படையாக விரியாத நிலை. அலர் என்பது மலர்ந்தது. இன்னார், இன்னது என்று ஊரே அறிந்து பேசுவது. கற்பிப்பவன் இதை அழகான வேறுபாடு என்று சொல்லிக் கடந்துவிடுவான். நானும் பல ஆண்டுகள் அப்படித்தான் கடந்தேன். ஆனால் என் வாழ்வில் ஓர் அம்பலைச் சொன்னவன் நான் என்பதை அந்த வகுப்பிலிருந்து வெளியே வரும்போது மறுபடியும் நினைக்க வேண்டியதாயிற்று.

எங்கள் ஊர் தூத்துக்குடிக்குத் தெற்கே, கடலோரம். என் தாத்தா முத்துக் குளித்தவர். 1961இல் தூத்துக்குடிக் கடலில் நடந்ததே கடைசி முத்துக்குளிப்பு. அதில் அவர் இருந்தார். எட்டு ஒன்பது பாகம் ஆழத்தில், காலில் கல் கட்டி இறங்கி, ஒரு நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதலாக மூச்சடக்கிச் சிப்பி பொறுக்க வேண்டும். மேலே வள்ளத்தில் ஒருவர் கயிற்றைப் பிடித்திருப்பார். பெரும்பாலும் மைத்துனர்தான் அந்த வேலைக்கு வருவார், தன் அக்காள் தங்கையின் தாலி அந்தக் கயிற்றில் இருக்கிறது என்பதால். தாத்தாவுக்கு மைத்துனர் இல்லை. எங்கள் பங்கின் உபதேசியாருடைய தகப்பனார்தான் அவருக்குக் கயிறு பிடித்தார்.

அந்த உபதேசியாரைப் பற்றித்தான் எழுத வந்தேன்.

2002ஆம் ஆண்டு. நான் முதுகலைத் தமிழ் படித்துக்கொண்டிருந்தேன். திருவிழா முடிந்து பத்து நாள் இருக்கும். தூத்துக்குடி டபிள்யூ.ஜி.சி. சாலையில் பேருந்துக்குப் போகிற வழியில், ஒரு நகைக்கடைப் படியில் உபதேசியார் இறங்கி வருவதைப் பார்த்தேன். கையில் ஒரு சிறிய காகிதப் பொதி. அவர் என்னைப் பார்க்கவில்லை. மாலையில் வலை பொத்துகிற இடத்தில் உட்கார்ந்திருந்தவர்களிடம், "உபதேசியாரை இன்னைக்கு நகைக்கடைப் படியில பாத்தேன்" என்றேன். அவ்வளவுதான். ஆனால் குரலைச் சற்று இறக்கிச் சொன்னேன். திருவிழா வரி வசூல் புத்தகம் அவர் கையில் இருந்தது என்பது அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும்.

அதன் பிறகு நான் ஒரு வார்த்தையும் பேசவில்லை. பேச வேண்டிய தேவையும் இருக்கவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமைக்குள் அது இரண்டு பவுனாயிற்று. அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குள் மகள் கல்யாணத்துக்கு ஐந்து பவுன். பூசை முடிந்து கமிட்டி கூடியபோது ஒருவர் எட்டு என்றார். உபதேசியார் எழுந்து, புத்தகத்தையும் கோயில் சாவிக்கொத்தையும் மேசைமேல் வைத்துவிட்டு வெளியே நடந்தார். ஒரு மாதத்தில் மனைவி ஊரான குமரி மாவட்டத்துக்குக் குடும்பத்தோடு போய்விட்டார்.

கணக்கைப் பார்த்தார்கள். ஒரு ரூபாய் குறையவில்லை. வரி கட்டாத வீடுகள் பல இருந்தும், பந்தல்காரருக்கும் மேளக்காரருக்கும் பாக்கியில்லாமல் கொடுக்கப்பட்டிருந்தது. எப்படி என்பது பிறகு தெரிந்தது. மனைவியின் வளையல்களை விற்றிருக்கிறார். நான் பார்த்த காகிதப் பொதியில் இருந்தது வளையல் விற்ற பணம். கமிட்டி நோட்டில் 'கணக்கு சரி' என்று எழுதிக் கையெழுத்திட்டார்கள். கோயிலில் அதை ஒருவரும் வாசிக்கவில்லை. வாசித்திருந்தாலும் எட்டுப் பவுன் பரவிய அளவுக்கு அது பரவியிருக்குமா என்பது ஐயமே.

அடுத்த தவக்காலத்தில் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். புதிய சாமியார். "நீ சொன்னது பொய்யா?" என்று கேட்டார். "இல்லை சாமி, பார்த்ததைத்தான் சொன்னேன்." சற்றுநேரம் பேசாமல் இருந்தார். "திருடினவன் பொருளைத் திருப்பிக் கொடுத்தாக வேண்டும். நீ எடுத்ததை எப்படித் திருப்பிக் கொடுப்பாய்?" என்றார். அவரிடம் போ, நீ யாரிடம் சொன்னாயோ அவர்களிடமும் போ என்றார். செபங்கள் சிலவும் சொல்லச் சொன்னார். செபங்களைச் சொல்லி முடித்தேன்.

திருச்சபை இதில் காட்டும் நுணுக்கம் களவியல் உரைகாரருக்குக் குறைந்ததல்ல. இல்லாத குற்றத்தைச் சுமத்துவது அவதூறு. உள்ள குற்றத்தைத் தக்க காரணமின்றி, அறியாதவரிடம் சொல்வது வேறொரு பாவம். போதிய ஆதாரமின்றி மனத்துக்குள்ளேயே ஒருவரைக் குற்றவாளி என்று முடிவு கட்டுவதும் பாவம்தான். நான் செய்தது இவற்றுள் எதில் அடங்கும் என்று நெடுநாள் ஆராய்ந்திருக்கிறேன். இலக்கியம் படித்தவனுக்குத் தப்பிக்க எத்தனை வழிகள்! கத்தோலிக்கர் பொய்ச்சாட்சி பற்றியதை எட்டாம் கட்டளை என்கிறோம்; நாசரேத்திலிருந்து வரும் என் சக ஆசிரியர் அதை ஒன்பதாம் கட்டளை என்பார். எண்ணைப் பற்றி இருவரும் வாதிட்டதுண்டு. ஆசிரியர் அறையில் அடுத்தவரைப் பேசுவதில் எங்களுக்குள் சபை வேறுபாடு இருந்ததில்லை.

கோழி இறகுக் கதையை எல்லோரும் கேட்டிருப்பீர்கள். புறம் பேசிய பெண்ணைத் தெருவெங்கும் கோழி இறகைப் பிய்த்துப் போட்டுக்கொண்டு வரச்சொல்லி, பிறகு அவற்றைப் பொறுக்கச் சொன்னாராம் ரோமாபுரியின் பிலிப்பு நேரி. கச்சான் காற்று அடிக்கிற எங்கள் கடற்கரையில் இது உவமையே அல்ல, நேரில் காணக்கூடியது. யாக்கோபு திருமுகம் நாவைக் கப்பலின் சுக்கானுக்கு ஒப்பிடுகிறது. தோணி ஓட்டுகிறவர்கள் அந்த வாசகத்தைக் கேட்கும்போது தலையசைப்பதைப் பார்த்திருக்கிறேன்.

எனக்கு இவற்றைவிட அடிக்கடி நினைவுக்கு வருபவர் என்றீக் என்றீக்கஸ் அடிகளார். தமிழ் அச்சு வரலாறு நடத்தும் எவரும் 1578இல் கொல்லத்தில் அச்சான தம்பிரான் வணக்கத்தைச் சொல்லாமல் இருக்க முடியாது. 1580இல் கொச்சியில் பாவசங்கீர்த்தனத்துக்கு ஆயத்தம் செய்ய ஒரு நூலையும் அச்சிட்டார். போர்த்துக்கல்லில் யூத வழிவந்த புதுக்கிறித்தவக் குடும்பத்தில் பிறந்தவர். அந்தப் பிறப்பைக் காட்டியே பிரான்சிஸ்கன் சபை அவரை வெளியேற்றியது. இயேசு சபை ஏற்றுக்கொண்டது. புன்னைக்காயலை இருப்பிடமாகக் கொண்டு, முத்துக்குளித்துறை மக்களிடம் தமிழ் கற்று, 1600இல் இங்கேயே மறைந்தார். அவரைப் பற்றிச் சொல்லப்பட்டதும் பொய்யல்ல. யூத வழியினர்தாம். உண்மையைக் கொண்டே ஒரு மனிதனை வெளியே தள்ள முடியும். இதை வகுப்பில் சொல்லும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கும். மாணவர்கள் அதைத் தமிழ்ப் பற்று என்று எண்ணியிருக்கலாம்.

மாணவி கேட்ட பிறகு மூன்று வாரம் தாமதித்தேன். பின்னர் முகவரி விசாரித்துப் போனேன். மகள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். பார்வை மங்கிவிட்டது. தாத்தா பெயரைச் சொன்னதும் முகம் மலர்ந்தது. கயிறு பிடித்த கதையை அவரே தொடங்கினார். இடைமறித்து, நான் வந்த காரியத்தைச் சொன்னேன். படி, காகிதப் பொதி, வலை பொத்திய இடம், நான் இறக்கிய குரல், எல்லாவற்றையும்.

கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். மன்னிப்பார் என்றும் உள்ளூர எதிர்பார்த்தேன் என்பதை மறைக்க வேண்டியதில்லை. அவர் இரண்டையும் செய்யவில்லை.

"நீயா தம்பி பாத்தது? நான் நம்ம பொருளாளர் அண்ணாச்சின்னுல்லா நெனச்சேன். அன்னைக்கு அவரும் டவுனுக்கு வந்திருந்தாரு. பஸ் ஸ்டாண்டுல பேசிக்கிட்டு நின்னோம்."

பொருளாளர் அவருடைய சிறுவயதுக் கூட்டாளி. கமிட்டியில் அவருக்காகப் பேசிய ஒரே ஆளும் அவர்தான். அதை உபதேசியார் இருந்து கேட்கவில்லை. அதற்குள் வெளியே போய்விட்டார். 2014இல் பொருளாளர் இறந்தபோது சொல்லி அனுப்பினார்கள். உபதேசியார் வரவில்லை. ஊரில் அதையும் பேசினார்கள். நானும் அந்தத் துக்க வீட்டில்தான் உட்கார்ந்திருந்தேன்.

வெகுநேரம் ஒன்றும் பேசாமல் வேட்டி நுனியைத் திருகிக்கொண்டிருந்தார். உள்ளிருந்து மகள் காப்பி கொண்டுவந்து வைத்தார். ஆறிய பிறகும் அவர் எடுக்கவில்லை.

"எந்தப் பக்கம் அடக்கியிருக்காவ?" என்று கேட்டார்.

"கல்லறைத் தோட்டத்துல கடல் பக்கம். சுவரை ஒட்டி."

"எனக்குக் கண்ணு சரியாத் தெரியாது. யாராவது கையப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போகணும்."

நவம்பர் 2, கல்லறைத் திருநாள். விடியற்காலை ஐந்து மணிக்குக் கார் சொல்லியிருக்கிறேன். பொருளாளரின் மகனிடம் இன்னும் சொல்லவில்லை. நாளை மாலை அவர் கரைக்கு வந்ததும் போய்ச் சொல்ல வேண்டும்.