எண்பத்திரண்டு டிகிரி

குன்றத்தூருக்கும் திருநீர்மலைக்கும் நடுவில் இருக்கிற திருமுடிவாக்கத்தில் அப்போது இரண்டு சத்தம்தான் பிரதானம். ஒன்று ஜல்லி ஏற்றிப் போகும் லாரி. இன்னொன்று சிட்கோ தொழிற்பேட்டைக்குள் பிரஸ் மிஷின் தகட்டை அடிக்கிற சத்தம். 1996க்குப் பிறகு இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் வந்ததும் இரண்டாவது சத்தம் கூடிப்போனது. 98ல் சான்ட்ரோ ரோட்டுக்கு வந்தபோது, "அந்தக் காருல நம்ம ஊரு போல்ட்டு எங்கியோ இருக்குதுடா" என்று ஷிஃப்ட் முடிந்து வரும் அண்ணன்மார்கள் டீக்கடையில் பெருமை பேசுவார்கள். எந்த இடத்துப் போல்ட்டு என்று கேட்டால் மட்டும் டீயைக் குடிக்க ஆரம்பித்துவிடுவார்கள்.

இத்தனை புதுக் கார் பேச்சுக்கு நடுவில் எங்கள் வீட்டு வாசலில் நின்றது பெரியப்பாவின் மார்க் ஃபோர் அம்பாசிடர். 1489 சிசி பெட்ரோல் வண்டி, மூன்றாம் கையாக வாங்கியது. கல்யாணம், காதுகுத்து, மீனம்பாக்கம் ஏர்போர்ட் சவாரி எல்லாம் அதில்தான். அதற்கு வைத்தியம் பார்த்தவர் பாய். தொழிற்பேட்டைக்குப் போகும் வழியில், வேலிக்காத்தான் மரத்துக்குக் கீழே தகர ஷெட். பாய் முன்பு பெருங்களத்தூரில் ஸ்டாண்டர்டு கம்பெனியில் வேலை பார்த்தவர். 1961லிருந்து ஸ்டாண்டர்டு ஹெரால்டு செய்த அதே கம்பெனிதான். 1985ல் ரோவர் காரின் உடம்பை எடுத்து அதற்குள் பழைய வான்கார்டு என்ஜினை வைத்து ஸ்டாண்டர்டு 2000 என்று ஒன்றைக் கொண்டுவந்தார்கள். விலை அதிகம், பெட்ரோல் குடி அதைவிட அதிகம். மூன்று வருஷத்தில் கார் செய்வதே நின்றது. "சட்டை புதுசு, உள்ள இருக்கறவன் கெழவன்" என்று பாய் அந்த வண்டியைச் சொல்வார். ஆனால் வேறு யாராவது அதைக் குறை சொன்னால் முகம் சுருங்கிவிடும்.

ஒரு வருஷம் ஆடிப்பூரத்துக்குப் பெரியப்பா குடும்பமும் நாங்களுமாக மேல்மருவத்தூர் கிளம்பினோம். பெண்கள் எல்லாம் சிவப்புப் புடவை, மடியில் புளிசாத டப்பா. சிங்கப்பெருமாள் கோயில் தாண்டியதும் பானெட் இடுக்கில் ஆவி. பெரியப்பா தனியாக வாங்கி மாட்டியிருந்த டெம்பரேச்சர் மீட்டரின் முள் சிவப்பைத் தாண்டிப் போய் ஒட்டிக்கொண்டிருந்தது. ஜிஎஸ்டி ரோட்டோரம் ஒரு மெக்கானிக் வந்து பார்த்தார். அரை மணி நேரத்தில் உள்ளேயிருந்து ஒரு பித்தளைச் சாமானைக் கழற்றி எடுத்துப் பெரியப்பா கையில் வைத்தார். "இது வெள்ளைக்காரன் அவன் ஊரு குளிருக்கு வெச்சது சார். நம்ம ஊரு வெயிலுக்கு எதுக்கு? இனிமே சூடே ஆகாது." சொன்னது போலவே ஆகவில்லை. முள் எழுந்திருக்கவே இல்லை. பெரியப்பாவுக்குப் பரம சந்தோஷம். அந்தப் பித்தளையை டேஷ்போர்டு டப்பாவில், ஆர்.சி. புக்குக்குப் பக்கத்தில் போட்டு வைத்தார். எதையும் தூக்கிப் போடாத வம்சம் எங்களுடையது.

சந்தோஷம் கார்த்திகை வரைக்கும்தான். காலையில் சோக்கை இழுத்தால் தாம்பரம் போகிறவரை உள்ளே தள்ள முடியவில்லை. தள்ளினால் விக்கி விக்கி நின்றது. பெட்ரோல் கணக்கு நோட்டில் ஏறிக்கொண்டே போனது. பங்க்காரன் அளவில் ஏமாற்றுகிறான் என்று பெரியப்பா மூன்று பங்க் மாற்றிப் பார்த்தார். கடைசியில் பாயிடம் வந்தார். சனிக்கிழமை, எனக்கு லீவு, நானும் ஒட்டிக்கொண்டேன்.

பாய் ஸ்பானரைத் தொடவில்லை. முதலில் ஆயில் ஊற்றும் வாய்மூடியைத் திருகிக் கழற்றித் திருப்பினார். உள்பக்கம் வெள்ளையாகக் கொழகொழவென்று அப்பியிருந்தது. விரலால் வழித்து முகர்ந்தார். பிறகு வண்டியை ஸ்டார்ட் செய்யச் சொல்லிவிட்டு, ரேடியேட்டரின் மேல் தலையிலிருந்து என்ஜினுக்குப் போகும் கறுப்பு ஹோஸின் மேல் கையை வைத்தபடி நின்றார். என்னையும் கூப்பிட்டார். "தம்பி, கைய வெய்யி. ஃபேன் பக்கம் போவாத." ஓர் ஐந்து நிமிஷம் இருக்கும். ஹோஸ் கொஞ்சம் கொஞ்சமாக வெதுவெதுப்பானது. அதற்கு மேல் போகவில்லை.

"அண்ணே, இதுல வால்வு இல்ல. எவன் புடுங்குனது?"

பெரியப்பா டேஷ்போர்டு டப்பாவைத் திறந்தார்.

வால்வு என்று பாய் சொன்னது தெர்மோஸ்டாட்டை. அதைத் தேடுவதற்குப் பெரிய படிப்பு வேண்டியதில்லை. ரேடியேட்டர் மேல் ஹோஸைப் பிடித்துக்கொண்டே போனால், அது என்ஜின் ஹெட்டைத் தொடுகிற இடத்தில் ஓர் எல்போ இருக்கும். அம்பாசிடரில் மூன்று நட்டு. அதைத் திறந்தால் கீழே வட்டமாக உட்கார்ந்திருக்கும். வேறு சில வண்டிகளில் கீழ் ஹோஸ் பக்கம் வைத்திருப்பார்கள். அங்கே தேடல் கொஞ்சம் முதுகை வளைக்கும்.

பெரியப்பா எடுத்துக் கொடுத்த பழையதைப் பாய் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். ஸ்பிரிங் முழுக்கச் சாம்பல் நிறப் படிவு, நகத்தால் சுரண்டினாலும் வராது. எங்கள் பக்கத்துப் போர்த் தண்ணீர் அப்படி. ரேடியேட்டருக்கு நாங்கள் ஊற்றியதெல்லாம் அந்தத் தண்ணீர்தான். வால்வு மூடியபடியே இறுகி, மருவத்தூர் வழியில் கொதிக்க வைத்திருக்கிறது. குற்றம் வால்வு மேல் இல்லை, தண்ணீர் மேல்.

அப்புறம் நடந்ததுதான் எனக்கு இன்றைக்கும் அப்படியே நினைவிருக்கிற வாக்குவாதம். பெரியப்பா விடவில்லை. "சூடாவுறது நல்லதா பாய்? கத்திரி வெயில்ல இன்னும் சூடேத்தச் சொல்றியா?" பாய் எண்ணெய்த் துணியில் கையைத் துடைத்துக்கொண்டே கேட்டார்: "கத்திரியில எவ்ளோ வெயில் அடிக்கும்ணே?" "நாப்பது, நாப்பத்திரெண்டு." "இந்த வால்வு வாய தொறக்கறது எம்பத்திரெண்டுல. உன் கத்திரி வெயிலு பாதிதான். என்ஜினுக்கு மெட்ராஸும் குளிருதாம்ணே."

இதற்கு மேல் பாய் விளக்கவில்லை. நான் பின்னால் பாலிடெக்னிக்கில் படித்துத் தெரிந்துகொண்டது இது: பெட்ரோல் எரியும்போது தண்ணீர் ஆவியும் சேர்ந்தே பிறக்கிறது. என்ஜின் போதுமான சூட்டில் இருந்தால் அது ஆவியாகவே வெளியேறும். இல்லையென்றால் உள்ளேயே குளிர்ந்து ஆயிலில் கலந்து, அந்த வெள்ளைக் கொழகொழப்பாகிறது. எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவரில் வழிந்து ஆயில் படலத்தைக் கழுவிவிடுகிறது, ரிங் தேய்கிறது. தண்ணீர் சுற்றுவதற்குக் கிளைவழி உள்ள சில என்ஜின்களில் வால்வை எடுத்துவிட்டால் இன்னொரு கூத்தும் உண்டு. தண்ணீர் ரேடியேட்டருக்குப் போகாமல் குறுக்குவழியிலேயே சுற்றி, குளிரட்டும் என்று கழற்றியவனுக்கே கொதித்துக் காட்டும். அம்பாசிடரின் அதே பி சீரீஸ் குடும்பத்து என்ஜின் போட்ட எம்.ஜி.பி. காரின் கையேட்டைப் பிற்பாடு ஒரு நாள் பார்த்தேன். சாதாரணமாக 82 டிகிரி வால்வு, குளிர் நாட்டுக்கு 88, வெயில் நாட்டுக்கு 74. வெயிலுக்காக வெள்ளைக்காரன் குறைத்தது வெறும் எட்டு டிகிரி. நம்மாள் மொத்தத்தையும் பிடுங்கி டேஷ்போர்டு டப்பாவில் போட்டார்.

மறுவாரம் பாயோடு நானும் ஸ்பேர் வாங்கக் கிளம்பினேன். 66ஆம் நம்பர் பஸ்ஸில் பல்லாவரம், அங்கிருந்து மின்சார ரயிலில் எழும்பூர், பிறகு நடை. பழைய சாமான் என்றால் புதுப்பேட்டை, புதுசு என்றால் ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு. பாய்க்குப் புதுப்பேட்டையில் தெரியாத ஆளே இல்லை. ஆனாலும், "வால்வு மட்டும் பழசு வாங்கக் கூடாது, யார் வண்டியில என்ன தண்ணி குடிச்சுதோ" என்று ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டுக்குத்தான் கூட்டிப் போனார். கவுன்ட்டரில் பெட்டியைப் பிரித்து விளிம்பில் குத்தியிருந்த 82 என்ற எண்ணை எனக்குக் காட்டினார். திரும்பும்போது எழும்பூர் ஸ்டேஷன் எதிரில் ஒரு பன் பட்டர் ஜாம். வால்வு என் நிக்கர் பையில் கனத்தது.

அதை உடனே மாட்டவில்லை. தொழிற்பேட்டையில் ஒரு பிளேட்டிங் பட்டறையிலிருந்து நீளமான கண்ணாடித் தெர்மாமீட்டரை இரவல் வாங்கி வந்தார். பம்ப் ஸ்டவ்வில் அலுமினியச் சட்டி, அதில் தண்ணீர். வால்வை நகத்தால் லேசாக நெம்பி, அந்த இடுக்கில் ஒரு தையல் நூலை நுழைத்து விட்டார். நூலை வாய் கவ்விக்கொண்டது. நூலைக் குச்சியில் கட்டித் தண்ணீருக்குள் தொங்கவிட்டு, அடியில் தட்டாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லிக் குச்சியை என் கையில் கொடுத்தார். தெர்மாமீட்டர் அவர் கையில். அறுபது, எழுபது. சட்டி ஓரத்தில் சின்னச் சின்னக் குமிழ். எண்பதில் ஒன்றுமில்லை. எண்பத்திரண்டைத் தாண்டி மயிரிழை போயிருக்கும், நூல் சட்டென்று இளகி, வால்வு சட்டிக்குள் டங்கென்று விழுந்தது. பாய் எதுவும் பேசாமல் ஸ்டவ்வைக் காற்றிறக்கி அணைத்தார். எனக்குத்தான் இன்னொரு தரம் செய்து பார்க்க வேண்டும் போலிருந்தது.

உள்ளே கரன்ட்டும் கிடையாது, பேட்டரியும் கிடையாது. மெழுகுதான். 1930களில் செர்ஜியஸ் வெர்னே என்ற அமெரிக்க எஞ்சினியர் கண்ட வழி. ஒரு பித்தளைக் குப்பிக்குள் செம்புத் தூள் கலந்த மெழுகு. குறிப்பிட்ட சூட்டில் உருகும்போது அது பருத்து ஒரு கம்பியைத் தள்ளுகிறது, கதவு திறக்கிறது. ஆறினால் சுருங்குகிறது, ஸ்பிரிங் மூடிவிடுகிறது. எந்தச் சூட்டில் திறக்க வேண்டுமோ அதற்கேற்ற மெழுகை அடைக்க வேண்டியதுதான்.

மாட்டிய அன்று என்ஜின் நன்றாக ஆறட்டும் என்று பாய் காத்திருந்தார். சூட்டில் ரேடியேட்டர் மூடியைத் திறந்து மூஞ்சியை வேகவைத்துக்கொண்டவர்களை அவர் பார்த்திருக்கிறார். கீழ்க் குழாயைத் திருகி, பாதித் தண்ணீரை ஓர் அன்னக்கூடையில் பிடித்தார். கிளிப்பைத் தளர்த்தி ஹோஸைப் பக்கவாட்டில் அசைத்து அசைத்து உருவினார். நட்டுகள் முன்பு ஒரு தரம் கழன்றவை என்பதால் இரண்டு சுலபமாக வந்தன. மூன்றாவதற்கு மண்ணெண்ணெய் சொட்டிவிட்டு, டீ சொல்லி, குடித்து, பீடி ஒன்றைப் பற்றவைத்து, அதற்குப் பிறகுதான் ஸ்பானரை வைத்தார். அவசரப்பட்டால் ஸ்டட் முறியும், முறிந்தால் ஹெட்டைக் கழற்றி டிரில் போட வேண்டும். எல்போ வெளியே வந்ததும் துளைக்குள் ஒரு துணியைத் திணித்துவிட்டுப் பழைய பேக்கிங்கை பிளேடால் சுரண்டினார். துணுக்கு ஒன்று உள்ளே விழுந்தாலும் அது தண்ணீரோடு சுற்றிக்கொண்டே இருக்கும்.

பேக்கிங்கைக் கடையில் வாங்கவில்லை. பேக்கிங் பேப்பரை எல்போவின் வாய் மேல் விரித்து, உருண்டை முனைச் சுத்தியலால் விளிம்பு நெடுக டொக் டொக்கென்று தட்டிக்கொண்டே போனார். இரும்பு விளிம்பே பேப்பரை வெட்டிக் கொடுத்தது. கத்தரிக்கோல் இல்லாமல் மூன்று ஓட்டையோடு அச்சாக ஒரு பேக்கிங் வந்து விழுந்தது. அதற்கு ஷெல்லாக் தடவி, மெழுகுக் குப்பி என்ஜின் பக்கம் பார்க்க, வால்வைப் பள்ளத்தில் உட்கார வைத்தார். விளிம்பில் சின்ன ஓட்டை ஒன்றில் ஆடிக்கொண்டிருக்கும் ஓர் ஊசி உண்டு. தண்ணீர் நிரப்பும்போது அடைபட்ட காற்று போகிற வழி. தலைகீழாக மாட்டினால் மெழுகு ரேடியேட்டர் பக்கத்து ஆறின தண்ணீரைப் பார்த்துக்கொண்டு கிடக்கும், உள்ளே என்ஜின் கொதித்தாலும் அதற்குத் தெரியாது. அப்படி மாட்டி வந்த வண்டிகளையும் பாய் கழற்றியிருக்கிறார். நட்டுகளை ஒன்று மாற்றி ஒன்றாக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினார்.

தண்ணீர்? அன்னக்கூடையில் பிடித்ததை ஓடையில் கொட்டச் சொன்னார். என் அம்மா மொட்டை மாடியில் பிடித்து வைத்திருந்த மழைத்தண்ணீரை இரண்டு குடம் தூக்கி வந்தோம். அம்மாவுக்கு அதில் வருத்தம்தான், பருப்பு வேகவைக்க வைத்திருந்தது.

மூடியைத் திறந்து வைத்தபடியே ஸ்டார்ட். மறுபடியும் ஹோஸில் கை. இந்த முறை ஹோஸ் பச்சைத் தண்ணீராகவே கிடந்தது. முள் ஏறிக்கொண்டே வந்தது. பெரியப்பாவின் முகம் வெளிறியது, "பாய், ஏறுது பாய்" என்றார். பாய் காதில் போட்டுக்கொள்ளவில்லை. திடீரென்று என் உள்ளங்கைக்குக் கீழே சூடு ஓடியது; கையை உதறிக்கொண்டேன். ரேடியேட்டர் வாயில் தண்ணீர் அசைந்து சுழன்றது. முள் ஏறியது நின்று, கொஞ்சம் இறங்கி, நடுவில் உட்கார்ந்தது. பெரியப்பா அதையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

இப்போதைய கார்களில் இந்தப் பிடுங்கல் வேலை அவ்வளவு சுலபமில்லை. தண்ணீர் சூடாக வேண்டிய நேரத்தில் சூடாகாவிட்டால் கம்ப்யூட்டர் கண்டுபிடித்து மஞ்சள் விளக்கைப் போட்டுவிடும். ஆனாலும் லோடு வேன்களில், பழைய டாக்சிகளில் இன்றைக்கும் 'எடுத்துப் போட்டாச்சு சார்' என்பதைப் பெருமையாகச் சொல்கிறவர்களைப் பார்க்கிறேன்.

பெரியப்பாவிடம் அப்படிச் சொல்லிவிட்டுத் தப்ப முடியாது. சோக்கை சீக்கிரம் உள்ளே தள்ள முடிந்ததும், நோட்டில் பெட்ரோல் கணக்கு இறங்கியதும் அவரைப் பிரசங்கியாக்கிவிட்டன. குன்றத்தூர் முருகன் கோயில் அடிவாரத்தில் ஒரு கல்யாண வேன் டிரைவரைப் பிடித்துக்கொண்டு, முகூர்த்த நேரத்தில், பானெட்டைத் திற என்று அடம்பிடித்தார். மாப்பிள்ளை வீட்டார் மேளத்தை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். நான் அதைப் பாயிடம் போய்ச் சொன்னேன். "மாட்டுனதுக்கு நான் காசு வாங்கியிருக்கக் கூடாது தம்பி," என்றார் பாய், அடுத்த வண்டியின் கீழே நுழைந்தபடி. "இவரு பேசுறதுக்கு நான்தான் இவருக்குக் கொடுக்கணும் கமிஷன். வால்வு போட எத்தினி பேரு வந்துட்டான் பாரு. அந்தப் பதினாலாம் நம்பர் ஸ்பானர எடு."