இன்னா செய்யாத சோதனை

உயிர்கள் எண்ணில, அவற்றிற்கு இறைவன் மாயையினின்றும் தந்தருளிய உடம்புகளும் எண்ணில. ஓருயிர் மக்களுடம்பிலும் மற்றோருயிர் முயலுடம்பிலும் நிற்றல் வினைவயத்தானே. உயிரின் சிறுமை பெருமையால் அன்று. ஆதலினன்றோ நம் சித்தாந்தம் எல்லா உயிர்க்கும் பசு என ஒரு பெயரே வைத்தது. இதனை இளமையில் மடத்தில் ஆசிரியரடியிலிருந்து பாடங்கேட்டேன். கேட்டதன் பொருளோ, அறுபதாண்டு கடந்தபின் ஒரு கூலிப் பெண்ணின் கையைக் கண்டபோதே எனக்கு விளங்கிற்று.

யான் வதிவது போடிநாயக்கனூர். விடியுமுன்னரே ஜீப்பு வண்டிகள் பெண்டிரை ஏற்றிக்கொண்டு, போடிமெட்டைக் கடந்து ஏலத்தோட்டங்களுக்குச் செல்லும். பொழுது சாயத் திரும்பும். எங்கள் தெருவில் உள்ள ஓரம்மையார் அங்ஙனம் காயெடுக்கச் செல்பவர். ஒருநாள் மாலை அவர் தம் கைகளை நீட்டிக் காட்டினார். விரலிடுக்கெல்லாம் சிவந்து தடித்துத் தோலுரிந்திருந்தது. முதல்நாள் மருந்தடித்த செடியில் காயெடுத்ததன் பயன் அது. நஞ்சினை மருந்தென்றே வழங்குதல் தோட்டத்து வழக்கு. “ஐயா, நீங்கள் படித்தவர்கள். இந்த மருந்தை விற்பதற்குமுன் எதன்மேலாவது தடவிப் பார்த்திருக்க மாட்டார்களா?” என்று வினவினார். விடையறியாது நின்றேன்.

மதுரையில் உயிர்நூல் பயிலும் என் பெயர்த்தியைக் கேட்டேன். அவள் வாயிலாக அறிந்தது இது: 1944-ஆம் ஆண்டில் அமெரிக்க அரசின் உணவு மருந்துத் துறையைச் சார்ந்த ஜான் டிரெய்ஸ் என்பார் துணைவரோடு கூடி ஒரு சோதனை முறையை வகுத்து வெளியிட்டார். முயலின் முதுகு மயிரை மழித்து, அவ்விடத்தே பொருளை வைத்துக் கட்டி, 24 மணி நேரத்தின் பின்னும் 72 மணி நேரத்தின் பின்னும் சிவப்பையும் வீக்கத்தையும் நோக்கி, ஒவ்வொன்றற்கும் 0 முதல் 4 வரை எண்ணிடுவர். கண்ணிலும் இட்டு நோக்குவர். இம்முறை பல்லாண்டு உலகெங்கும் வழங்கிற்று.

அன்றிரவு எனக்கு உறக்கம் வந்திலது. புலால் தீண்டாதவன் என்று நெடுங்காலம் செம்மாந்திருந்தேன். நாளும் மேனியிற் பூசிய சவர்க்காரம் எவ்வழி வந்ததென ஒருநாளும் வினவினேன் அல்லேன். வள்ளுவனார் புலான்மறுத்தல், இன்னாசெய்யாமை, கொல்லாமை என மூன்றனையும் தனித்தனி அதிகாரமாக வைத்ததன் காரணம் அப்போது தெளிந்தேன். முதலாவதைக் காத்தவன் இரண்டாவதில் வழுவுதல் கூடும்.

அற்றேல், சோதனையையே ஒழித்துவிடலாமே எனின், அது பொருந்தாது. என்னை? சோதியாது விற்பின், அப்பொருளை முதலிற் கையாளும் ஏழையின் கையே முயலின் முதுகாகும். ஓருயிரை விடுத்து மற்றோருயிரை வருத்துதல் அருளாகாது.

இரண்டுயிர்க்கும் இன்னா செய்யாத வழி உண்டு. விலங்கிற்கு மாற்றுத் தேடுக, தொகையைக் குறைக்க, துன்பத்தைத் தணிக்க என்னும் மூன்று நெறியை 1959-இல் ரசல், பர்ச் என்னும் ஆங்கில அறிஞர் இருவர் நூலாக வகுத்தனர். அதன்பின் ஆய்வு வளர்ந்தது. மனிதத் தோலின் உயிரணுக்களைக் கிண்ணத்தில் வளர்த்து, மேல்தோல் போல அடுக்கடுக்காக அமைக்கின்றனர். அதன்மேற் சோதனைப் பொருளைச் சிறிது நேரம் வைத்துக் கழுவி, 42 மணி நேரம் விட்டுவைத்து, ஒரு மஞ்சட் சாயத்தை இடுவர். உயிருள்ள அணுக்கள் அதனை ஊதாநிறமாக்கும். அந்நிறத்தை அளந்து, பிழைத்த அணுக்கள் பாதிக்கு மேற்படின் எரிச்சல் செய்யாதது என்றும், பாதியோ அதனிற் குறைவோ ஆயின் எரிச்சல் செய்வது என்றும் துணிவர். பொருளாதாரக் கூட்டுறவு வளர்ச்சி அமைப்பு இம்முறையை 2010-இல் ஏற்றது. முயற்றோல் வேறு, மக்கட்டோல் வேறு ஆதலின், இஃது அருளுக்கேயன்றி அறிவுக்கும் ஒத்தது. ஒவ்வாமையை அறிதற்கு மட்டும் ஒரு சோதனை போதாது. பலவற்றை இணைத்துத் துணியும் முறை 2021-இல் வகுக்கப்பட்டது.

நம் நாட்டில் அழகுப்பொருள்களை விலங்கின்மேற் சோதித்தல் 2014 மே மாதத்தில் விலக்கப்பட்டது. அங்ஙனம் சோதித்தவற்றை இறக்குமதி செய்தலும் அவ்வாண்டு நவம்பரில் விலக்கப்பட்டது. கல்வியில் விலங்கிற்கு மாற்றுத் தேடும் மகாத்மா காந்தி டோரன்காம்ப் மையம் திருச்சிராப்பள்ளிப் பாரதிதாசன் பல்கலைக்கழகத்தில் 2009-இல் தொடங்கப்பெற்றது.

இவற்றையெல்லாம் அவ்வம்மையாரிடம் மகிழ்ந்து கூறினேன். அவர் பொறுமையாகக் கேட்டு, “அந்தச் சட்டம் பவுடருக்கும் சோப்புக்குந்தானா ஐயா? எங்கள் மருந்துக்கு இல்லையா?” என்றார். என் மகிழ்ச்சி அடங்கிற்று. பூச்சிநஞ்சுகளின் பதிவில் விலங்குச் சோதனை இன்னும் முற்றும் ஒழிந்திலது. சோதித்தறிந்த தீங்கினைக் காயெடுப்பார்க்கு உணர்த்தாவிடின், விலங்கு பட்ட துன்பமும் வீணே; இவர் படும் துன்பமும் மிகையே.

தோட்டமுடைய அன்பர்காள்! மருந்தடித்தபின் உரிய நாள் கழியாமுன் ஒருவரையும் செடியிடத்து விடுக்கற்க. கையுறை ஈந்து விடுக்க. ஏனை அன்பர்காள்! உண்பதனை ஆராய்வது போலப் பூசுவதனையும் ஆராய்ந்து கொள்க. மாற்று முறைகள் பூச்சிநஞ்சிற்கும் வருமாறு அரசினை வேண்டுக. எல்லாவுடம்பையும் தந்தருளிய பெருமானுக்கு இதுவும் ஒரு வழிபாடாம்.

திருச்சிற்றம்பலம்.